கீழ்நகரத்தின் கடைசிக் கதவு

உங்கள் அறைக் கதவின் மேல்கீலுக்கு எண்ணெய் விட வேண்டும், மேடம். யார் உள்ளே வந்தாலும் அது முனகுகிறது. ஒரு சொட்டு போதும். சமையல் எண்ணெயை மட்டும் விட்டுவிடாதீர்கள், தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். நேற்றே சொல்லியிருப்பேன், நீங்கள் கோபத்தில் இருந்தீர்கள்.

நடந்ததை வாக்குமூலமாக என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். மறைக்க ஒன்றுமில்லை. உங்கள் உதவியாளர், "ஒரு வீடியோ கேமுக்காகவா இவ்வளவும்?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, அவருக்குத் தெரியாது. ஆனால் இதைப் படிக்கப் போகிறவர்களும் அப்படி நினைத்துவிடக் கூடாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் பூட்டுக்காரன். சாவியைத் தொலைத்தவர்கள், குழந்தையை உள்ளே விட்டுவிட்டு வெளியே மாட்டிக்கொண்டவர்கள், கணவனோடு சண்டை போட்டுவிட்டு அன்றைக்கே பூட்டை மாற்றச் சொல்கிறவர்கள் எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கை சுத்தம் என்று பெயர் வாங்கியவன். இந்தத் தொழிலுக்கு அதுதான் மூலதனம்.

என்னை வளர்த்தது அக்கா. அப்பா அம்மா போன பிறகு தையல் மெஷினை மிதித்து மிதித்தே என்னை ஆளாக்கினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "இவன் ஒருத்தனைக் கட்டி மேய்க்கவே எனக்கு நேரம் சரியா இருக்கு, இன்னொருத்தன் வேறயா?" என்பாள். எனக்குப் பொறுமை கிடையாது என்பதுதான் அவளுடைய தீராத குறை. டீ ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வேன். பஸ் நிற்பதற்குள் குதிப்பேன். என் பெயரைச் சொன்னதைவிட "பொறுடா" என்று அவள் சொன்னதுதான் அதிகமாக இருக்கும்.

கீழ்நகரம் என்ற அந்த விளையாட்டின் முதல் பாகம் வந்தபோது நான் தனியாகக் கடை போட்டிருந்த புதிது. பூமிக்கு அடியில் ஒரு பாழடைந்த நகரம். அதில் ஒரு காவல்காரன், நாம்தான் அவன். ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு மேலே வெளிச்சத்துக்கு வர வேண்டும். மற்ற விளையாட்டுகளில் பூட்டு என்றால் ஏதோ ஒரு வட்டத்தைச் சுற்றச் சொல்வார்கள், டப்பென்று திறந்துகொள்ளும். பார்க்கவே எரிச்சலாக இருக்கும். இதில் பூட்டு பூட்டாக இருந்தது. உள்ளே லீவர் எப்படி அசையுமோ அப்படியே அசைந்தது. ஸ்பிரிங் தேய்ந்த பூட்டு கொஞ்சம் தாமதமாகத் திறந்தது. யாரோ தொழில் தெரிந்தவன் செய்திருக்கிறான் என்று அக்காவிடம் சொன்னேன். அதைச் செய்த கம்பெனி எங்கள் ஊரிலேயே இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் பாகத்தின் பாதியிலேயே ஒரு சின்னப் பெண் வந்து சேர்ந்துகொள்வாள். பேச மாட்டாள். காவல்காரன் எங்கே போனாலும் பின்னாலேயே வருவாள். அக்கா அவளுக்கு வாலு என்று பெயர் வைத்தாள்.

அக்கா விளையாட மாட்டாள். தைக்க வேண்டிய துணியை மடியில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஆனால் ஆட்டம் அவளுடையது என்றுதான் சொல்ல வேண்டும். நான் அவசரப்பட்டு ஏதாவது பட்டனை அழுத்தப் போனால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். "பொறுடா. என்ன நடக்குதுன்னு பாப்போம்." அவள் அப்படிப் பிடித்து நிறுத்திய இடங்களிலெல்லாம் ஏதாவது ஒன்று நடக்கும். சுவரில் ஒரு வழி தெரியும். தூங்குவது போலக் கிடந்த மிருகம் எழுந்து தானாகவே போய்விடும். மூன்றாம் பாகத்தில் ஒருநாள் ஊசியை வாயில் வைத்துக்கொண்டே, "நீ பூட்டைத் திறக்கிறப்பல்லாம் வாலு உன் கையையே பாக்குறா, கவனிச்சியா?" என்றாள். படம் வரைகிறவர்கள் அவளுடைய கண்ணை எங்கேயாவது வைக்கத்தானே வேண்டும் என்று நான் சிரித்தேன்.

நான்காம் பாகம் முடிந்து, கடைசிப் பாகம் வருவதற்குள் அக்கா படுத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். ஒருநாள் காலையில் நர்ஸ் வந்து, "கொஞ்சம் இருங்க, கண் முழிப்பாங்க போலத் தெரியுது" என்றார். நானும் இருந்தேன். அப்போது ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது, குளியலறைக் கதவு சிக்கிக்கொண்டதாம். போய்விட்டு உடனே வந்துவிடலாம் என்று போனேன். வந்தபோது படுக்கையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். கண் முழித்தாளாம். பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பார்த்தாளாம். அதற்கு மேல் நர்ஸ் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் இருந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. இதை எழுத வேண்டிய அவசியம்கூட இல்லை. நீங்கள் முதலிலிருந்து கேட்டதால் எழுதுகிறேன்.

கடைசிப் பாகம் வந்ததும் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். அக்காவின் இடத்தில் ஒரு தலையணையை வைத்தேன். வாலுவை வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான். அக்காவுக்காக என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

அந்த விளையாட்டுக்குக் கதை எழுதிய கதைக்காரர் என்ன செய்து வைத்திருந்தார் தெரியுமா? கடைசிக் கதவு, வெள்ளத்தைத் தடுக்க மேலிருந்து இறங்கும் வெள்ளக் கதவு. காவல்காரன் அதன் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். உள்ளே ஓர் அறையில் வாலு பூட்டிக் கிடக்கிறாள். அவன் கைக்கு எட்டாத தூரம். தண்ணீர் வருகிறது. நெம்புகோலை இழுத்தால் வெள்ளக் கதவு இறங்கும், நகரம் பிழைக்கும், காவல்காரனும் பிழைப்பான். வாலு உள்ளே மூழ்கிவிடுவாள். திரையில் ஒரே ஒரு வரி: இழு. வேறு எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லை. வாலு அந்தப் பக்கமிருந்து தட்டிக்கொண்டே இருக்கிறாள். டொக், டொக், டொக்.

நான் பொறுத்தேன், மேடம். இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன். முழங்காலுக்குத் தண்ணீர் வந்தது, பொறுத்தேன். மார்புக்கு வந்தது, பொறுத்தேன். கழுத்துக்கு வந்தபோது அந்தத் தட்டல் சத்தத்தை என்னால் கேட்க முடியவில்லை. இழுத்தேன். சத்தம் நின்றது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன, இசை போட்டான். இசை!

வயிறு எரிந்தது. எனக்கு மட்டுமல்ல. இணையத்தில் போய்ப் பார்த்தேன், உலகமே எரிந்துகொண்டிருந்தது. பல வருஷமாகக் கையைப் பிடித்து அழைத்துவந்த குழந்தையை எங்கள் கையாலேயே கொல்ல வைத்துவிட்டான் என்று எல்லா மொழியிலும் திட்டினார்கள். சிலர் தண்ணீர் தலைக்கு மேல் போகும்வரை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். திரை இருட்டாகிவிட்டதாம். செத்துவிட்டோம் என்று அணைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்து, இழுத்துத் தொலைத்திருக்கிறார்கள். இது கதையா? நம்பி வந்தவர்களை நட்டாற்றில் விடுகிறவனுக்குக் கதைக்காரன் என்று பெயரா? அந்த ஆள் பேட்டியில் வந்து உட்கார்ந்துகொண்டு, "முடிவைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், அவங்களே கண்டுபிடிக்கட்டும்" என்று புன்னகை செய்தார். அந்தப் புன்னகையை நான் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் ஒரு பச்சைக் கேட் தெரிந்தது. நான் அந்தத் தெருவில் வேலை செய்திருக்கிறேன்.

எல்லோரும் அவருக்கு மிரட்டல் எழுதினார்கள், நானும் எழுதினேன். மற்றவர்கள் வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையெல்லாம் எழுதினார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, மரியாதையாகத்தான் எழுதினேன். "உங்கள் பின்வாசல் தாழ்ப்பாள் தேய்ந்திருக்கிறது, கவனித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினேன். பொய் சொல்லவில்லை, போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். பிறகு அந்தப் பச்சைக் கேட்டின் தூணில் என் கடை ஸ்டிக்கரை ஒட்டினேன். பூட்டுக்காரர்கள் எல்லோரும் ஒட்டுவதுதான். பயந்து கிடக்கிறவன் கண்ணில் முதலில் படுவது பூட்டுக்காரனின் நம்பர்தான்.

கூப்பிட்டார்.

நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், அதை மறுக்கவில்லை. ஒல்லியான உடம்பு, துவைத்துத் துவைத்து வெளிறிய சட்டை. இழுப்பு உண்டு போல, நாலு வார்த்தை பேசினால் ஒரு முறை நின்று மூச்சு வாங்கினார். மருந்தை உறிஞ்சும் குப்பி எப்போதும் கையில் இருந்தது. மனைவியையும் குழந்தைகளையும் மாமியார் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். மிரட்டல் தாங்காமல் போனையும் அணைத்து வைத்திருந்தார். தானாகக் கூப்பிடும்வரை கவலைப்பட வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டாராம். எனக்குத் தண்ணீர் கொடுத்தார். "அண்ணே, பின்வாசல் தாழ்ப்பாள் தேஞ்சிருக்குன்னு ஒருத்தன் எழுதியிருக்கான். பாத்தா உண்மையாவே தேஞ்சிருக்கு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

வீட்டுப் பூட்டுகளையெல்லாம் மாற்றினேன். மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஒரு சாமான் அறை இருந்தது. யாராவது உள்ளே புகுந்துவிட்டால் ஓடி ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும், அதற்கு இரும்புக் கதவு போட்டுவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். சந்தோஷப்பட்டார். என் தொழிலில் நான் செய்த நல்ல வேலைகளில் அது ஒன்று. கதவு சட்டத்தில் உட்கார்ந்த அழகை நீங்களே பார்த்தீர்கள். உள்பக்கத்தில் திருகும் குமிழ் ஒன்றும் வைத்தேன். பார்வைக்குத்தான். சாத்தினால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், குமிழ் எதையும் திறக்காது.

வேலை முடிந்த அன்று மத்தியானம், "உள்ள போய் ஒரு தடவை பூட்டிப் பாருங்க சார்" என்றேன். போனார். மருந்துக் குப்பியை மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் போனார். இரும்பு அறுத்த தூளை நான் கூட்டாமல் விட்டிருந்தேன், அறை முழுக்கத் தூசி. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்காமலேயே சொல்கிறேன்.

"அண்ணே, திருகுனா வரலையே" என்றார் உள்ளிருந்து.

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "வராது சார். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. வாலுவைக் கொல்ல என் கைதான் கெடச்சுதா?"

அவருக்கு வாலு என்றால் யாரென்று தெரியாது, அது அக்கா வைத்த பெயர். அந்தச் சின்னப் பெண் என்று விளக்கினேன். நெம்புகோலைச் சொன்னேன், தட்டல் சத்தத்தைச் சொன்னேன்.

"நீங்க இழுத்துட்டீங்களா?" என்றார்.

"வேற வழி வச்சிருந்தீங்களா?"

சிரித்தது போல ஒரு சத்தம். இழுப்பாகவும் இருந்திருக்கலாம். "அண்ணே, கொஞ்சம் பொறுத்திருக்கலாமே" என்றார்.

கோபம் எனக்குத் தலைக்கேறியது அப்போதுதான். அதுவரை எனக்குத் திட்டம்தான் இருந்தது, கோபம் இல்லை. பொறு என்று என்னிடம் சொல்ல அவர் யார்? அந்த வார்த்தைக்கு ஓர் ஆள் இருந்தாள். நான் கத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "கதவைத் திறங்க, என்னன்னு காட்டுறேன். சொல்றதுக்கில்ல, பாக்கணும்" என்றார். பேரம் பேசுகிறார் என்று தெரிந்தது. வருஷக்கணக்காக ஏமாற்றியவர் அந்த நேரத்திலும் ஏமாற்றப் பார்க்கிறார். பிறகு மருந்தைக் கேட்டார். அது என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பிறகு பேச்சு குறைந்தது. தட்ட ஆரம்பித்தார். டொக், டொக், டொக்.

வாரக் கடைசியில் அவர் மனைவி திரும்பி வந்தார். வீட்டில் ஆள் இல்லை, படிக்குக் கீழே புதிதாக ஒரு கதவு பூட்டியிருக்கிறது. பதறிப்போய் ஸ்டேஷனுக்குப் போன் செய்து உங்களையும் கூப்பிட்டார், கேட்டுத் தூணிலிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து என்னையும் கூப்பிட்டார். நான் வராமல் இருந்திருக்கலாம். கூப்பிட்டால் போவதுதான் என் வழக்கம். டிரில்லை எடுத்து, பூட்டின் சிலிண்டரைத் துளைத்து, வியர்வையைத் துடைத்து, ஒரு நல்ல பூட்டுக்காரன் தெரியாத பூட்டிடம் எவ்வளவு மல்லுக்கட்டுவானோ அவ்வளவையும் செய்து காட்டியிருந்தால் உங்களுக்குச் சந்தேகமே வந்திருக்காது. ஆனால் அந்த அம்மாள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ஒரே திருகில் திறந்துவிட்டேன். நீங்கள் உள்ளே பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தீர்கள். கெட்டிக்காரர் நீங்கள், மேடம்.

இவ்வளவுதான் நடந்தது. இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இன்று காலையில் நீங்கள் டீ கொடுத்துவிட்டு உங்கள் மகளைப் பற்றிச் சொன்னதையும் எழுதாவிட்டால் இது முழுமையாகாது.

உங்கள் மகளும் கடைசிப் பாகம் விளையாடினாளாம். கழுத்தளவு தண்ணீர் வந்தபோது நீங்கள் சாப்பிடக் கூப்பிட்டீர்களாம். எதையும் அழுத்தாமல், எதையும் அணைக்காமல், கையிலிருந்ததை அப்படியே கீழே வைத்துவிட்டு வந்தாளாம். சாப்பிட்டு முடித்துத் திரும்பிப் போகும்போதும் திரை இருட்டாகத்தான் இருந்ததாம். ஆனால் தட்டல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்ததாம். அது கெஞ்சுகிற தட்டல் இல்லையாம், பூட்டைத் தட்டிப் பார்க்கிற தட்டலாம். கடைசியில் க்ளிக் என்று ஒரு சத்தம். வாலு அவளாகவே பூட்டைத் திறந்துகொண்டு, நீந்தி வந்து, காவல்காரன் கையோடு தன் கையையும் வைத்து நெம்புகோலை இழுத்தாளாம். இருவரும் வெளிச்சத்துக்கு வந்தார்களாம். எத்தனை பாகமாக அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாளோ, அதிலேயே தொழிலைக் கற்றுக்கொண்டிருந்தாளாம். இப்போது ஊரெல்லாம் அதைத்தான் பேசுகிறார்களாம், கதைக்காரரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்களாம்.

உங்கள் மகள் பொய் சொல்கிறாள் என்று நான் சொல்லவில்லை. அதை உண்மையான முடிவு என்று மட்டும் என்னால் ஏற்க முடியாது. சாப்பிடப் போனவளுக்குத் தற்செயலாகக் கிடைத்தது எப்படி முடிவாகும்? கண்ணிமைக்காமல் உட்கார்ந்து பார்த்தவனுக்குக் கிடைத்ததுதான் முடிவு. அக்கா பக்கத்தில் இருந்திருந்தால் என் மணிக்கட்டைப் பிடித்திருப்பாள் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. அவள் இல்லை. அது என் குற்றமா?

பொறுமை இல்லாதவன் என்று மட்டும் இந்தத் தாளில் எங்கேயும் சேர்த்துவிடாதீர்கள், மேடம். அன்று மத்தியானம் அந்த நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவே இல்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வேறு வேலைக்குக் கூப்பிட்டு போன் அடித்தது, எடுக்கவில்லை. அக்கா பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாள். தட்டல் நிற்கும்வரை நான் பொறுமையாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.